மச்சான் கேட்ட டைபிரேக்

மச்சான் அன்றைக்கு டைபிரேக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மச்சான் என்றால் என் தங்கையின் கணவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சனிக்கிழமைதோறும் காலையில் ஈப்போ நகராட்சிக் கோர்ட்டில் நாங்கள் இருவரும் டென்னிஸ் ஆடுவோம். மூன்று செட். முதல் இரண்டில் ஆறுக்கு ஆறு வந்துவிட்டால் டைபிரேக். ஒருவர் ஒரு சர்வ் போடுவார், பிறகு ஆளுக்கு இரண்டிரண்டாக மாறி மாறி. இரண்டு பாயிண்ட் வித்தியாசத்தோடு யார் முதலில் ஏழைத் தொடுகிறாரோ அவருக்கு அந்த செட். மூன்றாவது செட்டில் மட்டும் அது கிடையாது. ஒருவர் இரண்டு கேம் முந்தும்வரை ஆடியே தீரவேண்டும், வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி.

இது நான் வைத்த சட்டம். பீடோர் பக்கத்தில் நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில், ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிமார் கிளப்புக்கு ஒரு கோர்ட் இருந்தது. பால்மரம் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்கு வேலிக்கு வெளியேதான் இடம். கிராணிமார் கடைசி செட்டை அப்படித்தான் ஆடினார்கள். நமக்கென்று ஒரு கோர்ட் கிடைத்தால் அவர்கள் ஆடியதில் ஒரு கேம்கூடக் குறையாமல் ஆடிக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. இப்போது பெரிய போட்டிகளிலேயே கடைசி செட்டில் ஆறுக்கு ஆறு வந்தால் பத்து பாயிண்ட் டைபிரேக் வைத்து முடித்துவிடுகிறார்கள். டிவியில் அதை முதலில் பார்த்தபோது ரிமோட்டைத் தூக்கி எறியாத குறைதான். வெள்ளைக்காரனே விட்டுவிட்ட சட்டத்தை நான் கட்டிக்கொண்டு அழுதேன்.

அன்றைக்கும் மூன்றாவது செட். ஆறுக்கு ஆறு. மச்சான் வலைக்கு அருகே வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"பத்து பாயிண்ட் டைபிரேக் போட்டு முடிச்சிக்கலாமா மச்சான்?"

"அழுகுணி ஆட்டமெல்லாம் வேணாம்லா. சர்வ் போடுங்க."

அவர் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார். முகத்தைப் பார்த்தாவது நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. இன்னும் எட்டு கேம் இழுத்தோம். பதினொன்றுக்கு ஒன்பது என்று நான்தான் ஜெயித்தேன். கை குலுக்கிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கருமாதி அன்று சாயங்காலம், வந்தவர்களெல்லாம் போனபின், தங்கை என் எதிரே வந்து உட்கார்ந்தாள். பதினாறு நாளும் அவள் சரியாக அழவே இல்லை. அவளுக்கு அவர்மேல் கோபம்.

"ரொம்ப நேரம் ஆடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருந்தாருண்ணே. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என் வாயை அடைச்சிட்டாரு. தெரிஞ்சா நீங்க ஆட வரமாட்டீங்கன்னாரு. மூணாவது செட்டு இழுத்தா டைபிரேக் போட்டு சீக்கிரம் முடிச்சிட்டு வந்துடுறேன்னு என் தலையில அடிச்சி சத்தியம் பண்ணாரு. என்னை ஏமாத்திட்டுப் போயிட்டாராண்ணே?"

அவர் கேட்டார் என்பது நிஜம். அந்தப் பாதியைச் சொன்னால் மீதிப் பாதியையும் சொல்லவேண்டும். அவள் மனம் ஆறட்டும் என்றுதான் பொய் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். இல்லை, எனக்காகத்தான் சொன்னேன்.

"டைபிரேக்தாம்மா ஆடினோம். அவரு கேட்டாரு, நானும் சரின்னுட்டேன்."

"யாருண்ணே ஜெயிச்சா?"

"அவருதான். பத்துக்கு எட்டு."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வெகுநேரம் அழுதாள். பிறகு என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அவரு கேட்டதும் விட்டுக்குடுத்தீங்களேண்ணே," என்றாள். "எனக்கு அது போதும்."