பத்தாம் நம்பர் ஸ்பானர்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கருத்தக்கண்ணன் தன் ஸ்பானர் பையைத் தொடப் பெண்டாட்டி சுந்தரம்மாளை ஒரே ஒரு தடவைதான் விட்டிருக்கிறார். அதுவும் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்த அன்று, பையைத் தூக்கிப் பரண்மேல் வைப்பதற்காக. மற்றபடி அந்தக் காக்கிப் பையின் பக்கம் யார் போனாலும் மனுஷருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். மகள் முத்துமீனா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு ஸ்பானரை எடுத்து மண் தோண்டி விளையாடிவிட்டாள். பிள்ளையை அதட்ட மனசு வராமல் அன்றைக்குப் பூராவும் சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

செல்லூரில் விசைத்தறி வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எழுமலைப் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் கூலி வேலைக்கு வந்து, தறிக்கூடத்தில் தரை கூட்டி, எண்ணெய் விட்டு, பார்த்துப் பார்த்தே மெக்கானிக் ஆனவர். சந்தில் போகும்போது ஒரு தறியின் சத்தம் பிசகினால் போதும், அங்கேயே நின்றுவிடுவார். காய்கறி வாங்கிவரச் சொன்னால் வெறும் பையோடும் கிரீஸ் கையோடும் வருவார்.

"உங்களக் கூப்புட்டாகளா?" என்று சுந்தரம்மாள் கேட்பாள்.

"கூப்புடணுமாக்கும். அது கத்துறது எனக்குக் கேக்குதே" என்பார்.

இந்த மனிதரோடு மல்லுக்கட்டியே தன் ஆயுசு போய்விட்டதாக அவள் தெருவெல்லாம் சொல்லித் திரிவாள். வேறு யாராவது அவரைக் குறை சொன்னால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது.

போன ஆடியில் ஒத்தக்கடையில் ஒரு தறியைச் சரிசெய்துவிட்டு மொபெட்டில் திரும்பும்போது, சரக்கு ஆட்டோ ஒன்று இடித்து அவரை வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. சேறு உள்ளே போயிருந்ததால் எவ்வளவு கழுவியும் சீழ் வைத்தது. எலும்பில் ஒரு துண்டு செத்தே போனது. காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொந்தபந்தமெல்லாம் அவர் காதுபடவே பேச ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் டாக்டர் பெர்சியிடம் வந்து சேர்ந்தார்கள்.

டாக்டரம்மா பெர்சிக்கு நாற்பது வயதிருக்கும். எலும்பு ஆபரேஷனில் கைராசிக்காரர் என்று பெயர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்பதாலோ என்னவோ, எதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிற மாதிரி நிதானமாகச் சொல்வார்.

"செத்த எலும்ப எடுத்தா நடுவுல மூணு விரக்கடை எடவெளி விழும்ணே. அத நிரப்ப, மேல இருக்கிற நல்ல எலும்ப ஒரு எடத்துல பிரிச்சு, அந்தத் துண்டக் கொஞ்சங் கொஞ்சமா கீழ நகத்துவோம். அது நகர நகர, பின்னாடி விட்ட எடத்துல ஒடம்பே புது எலும்ப உண்டாக்கிக்கிரும்."

ஆபரேஷன் முடிந்து போர்வையை விலக்கியதும் சுந்தரம்மாளுக்குத் தலை சுற்றியது. காலைச் சுற்றி எஃகு வளையங்கள். வளையங்களை இணைக்கும் தண்டுகள். குறுக்கே தோலைத் துளைத்து எலும்புக்குள் போகிற மெல்லிய கம்பிகள். எங்கே பார்த்தாலும் நட்டு. கருத்தக்கண்ணனோ மயக்கம் முழுசாகத் தெளியாத கண்ணோடு ஒரு நட்டைத் தடவிப் பார்த்து, "பத்தாம் நம்பரு ஸ்பானரு" என்றார்.

டாக்டர் அதைக் கவனித்திருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் புது ஸ்பானர் ஒன்றைச் சுந்தரம்மாள் கையில் கொடுத்தார்.

"அக்கா, இந்த மூணு தண்டோட தலையையும் தெனம் நாலு வேள திருகணும். வேளைக்குக் கால்வாசிச் சுத்து. காலையில ஆறு, மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு, படுக்கப் போகையில ஒரு தடவ. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. அண்ணன் இதத் தொடவே கூடாது."

"என்னங்கம்மா, நானே மெக்கானிக்கு..."

"அதனாலதான்ணே சொல்றேன்."

சுந்தரம்மாளுக்கு அந்த வேதனையிலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஸ்பானர் அவள் கைக்கு வந்துவிட்டதல்லவா! அந்த நாலுமுகத் தலைகளில் ஒரு முகத்தில் மட்டும் மகளின் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தாள். ஒரு வேளைக்குப் புள்ளி ஒரு முகம் நகரும்; படுக்கப் போகும்போது பழைய இடத்துக்கு வந்து நிற்கும். கணக்குத் தப்பவே தப்பாது. அவள் திருகும்போது அவர் சும்மா இருப்பாரா? மணிக்கட்டை மடக்காதே, நேராகப் பிடி என்று தொணதொணப்பார்.

"பேசாமப் படுங்க. தறி என்ன வாய் பேசுதா?" என்பாள்.

முத்துமீனாவின் கல்யாணம் விபத்துக்கு முன்பே நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ராஜபாண்டி எழுமலைக்காரப் பையன், தங்கமான குணம். தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்று அவன் வீட்டார் தாமாகவே சொன்னார்கள். கருத்தக்கண்ணன்தான் பிடிவாதமாகத் தை மாதத்தையே பிடித்துக்கொண்டார். மண்டப வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டு "வாங்க" என்று கூப்பிட வேண்டும். மகள் பிறந்ததிலிருந்து அவர் மனசில் இருந்த ஆசை அது ஒன்றுதான். பெண்ணைப் பெற்றவன் நாற்காலியில் உட்கார்ந்து வரவேற்பதா என்று கேட்டு, அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆனால் வளையம் அடுத்த ஆடிக்குக்கூடக் கழலாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வளையத்தோடேயே எழுந்து நின்று பழகச் சொல்லி பிசியோதெரபி பெண் தினமும் வந்து கெஞ்சிவிட்டுப் போவாள். அவர் கேட்டால்தானே.

"ரிப்பேர் முடியாம மெசின ஓட்டுனா நல்லா இருக்கிறதும் போயிரும் தாயி" என்று அவளுக்கே பாடம் எடுத்து அனுப்பிவிடுவார்.

கார்த்திகையில் அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. பன்னிரண்டு மணித் திருகல் முடிந்ததும், "கல்யாண வேல அம்புட்டுக் கெடக்கு, போயிட்டு வா, நான் தூங்குறேன்" என்று சுந்தரம்மாளை விரட்டாத குறையாக வெளியே அனுப்பினார். ஐயோ பாவம், மனுஷருக்கு இப்போதாவது அக்கறை வந்ததே என்று அவளும் பாத்திரக்கடைக்கும் தையல்காரரிடமும் அலைந்தாள். திரும்பி வந்தால் அவர் நெற்றி வேர்த்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, வெயில் என்பார். கார்த்திகை மழையில் ஏது வெயில் என்று அவளுக்குத் தோன்றாமல் போனது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். அளவுகோல் வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"அக்கா, தெனம் எத்தன வேள திருகுறீங்க?"

"நீங்க சொன்ன நாலு வேளதாம்மா."

"இருக்க வேண்டியதப் போல ரெண்டு மடங்கு நகந்திருக்கு. இம்புட்டு வேகமா இழுத்தா புது எலும்பு பிடிக்காதுக்கா. நடுவுல ஒண்ணுமே உண்டாகல. இப்பிடியே போனா நாம பட்ட பாடெல்லாம் வீண். கால் தங்குறதே கஷ்டம்."

சுந்தரம்மாள் விரலை மடக்கி வேளைக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். புள்ளி தினமும் சரியான இடத்தில்தானே இருந்தது? கல்யாண அவசரத்தில் ஒரு வேளையை இரண்டு தடவை திருகிவிட்டேனோ? தூக்கக் கலக்கத்தில் கை கூடிவிட்டதோ? "நாந்தாம்மா எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அவரு கால நானே கெடுத்துட்டேனே..."

கருத்தக்கண்ணன் வளையத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அவ இல்லம்மா. நாந்தான்" என்றார்.

கட்டிலுக்கடியில் இருந்த தன் பையிலிருந்து பத்தாம் நம்பரை எடுத்து, தினமும் மத்தியானம் அவள் தலை மறைந்ததும் ஒரு முழுச் சுற்றுத் திருகியிருக்கிறார். முழுச் சுற்று என்றால் புள்ளி இருந்த இடத்துக்கே வந்துவிடும். சுந்தரம்மாளுக்குத் தெரியாது. சீக்கிரம் நகர்த்தி முடித்துவிட்டால் தைக்குள் வளையத்தைக் கழற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

டாக்டர் திட்டவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி அவரைப் பார்க்கச் சொன்னார். பிரித்த எலும்பின் இரண்டு ஓரத்திலிருந்தும் மெல்லிய கோடுகள் கொஞ்ச தூரம் வந்து, நடுவில் ஒன்றுமில்லாமல் கறுப்பாக நின்றிருந்தன. கருத்தக்கண்ணன் அதையே வெறித்துப் பார்த்தார். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் அவருக்குத் தெரிந்தது. பாவை வெடுக்கென்று இழுத்து அறுக்கிற பையன்களை அவர் என்ன வசவெல்லாம் வைதிருப்பார்!

"இழ அறுந்து கெடக்குதும்மா" என்றார்.

"ஆமாண்ணே. ஏன் இப்பிடிப் பண்ணீங்க?"

"மக கல்யாணத்துல வாசல்ல நிக்கணும்."

"நிக்கிறதுக்குத்தானே இம்புட்டு வளையமும் போட்டிருக்கு! நீங்க நின்னு எடை கொடுத்தாத்தான் அந்த எலும்புக்குப் பலம். முதல் வாரத்துலருந்து அதத்தானே சொல்றோம்."

"ரிப்பேர் முடியாத மெசின..."

"இது மெசின் இல்லண்ணே, காலு. ஓடிக்கிட்டேதான் ரிப்பேர் ஆகும்."

நகர்ந்ததைக் கொஞ்சம் பின்னால் திருப்பி, சில நாள் ஓய்வு கொடுத்து, மறுபடி மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். இந்த முறையும் இழை கூடாவிட்டால் தன்னால் ஒன்றும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

சுந்தரம்மாள் வீட்டுக்கு வந்து சோறு போட்டு வைத்த பிறகுதான் பேசினாள்.

"கால் போனாக்கூட நான் தாங்கியிருப்பேன். நான் அழுதப்பக்கூட பேசாமத்தான் இருந்தீக."

அவர் தட்டைத் தொடவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்து அவள் முன்னால் நகர்த்தினார். அவள் பத்தாம் நம்பரை எடுத்து, பீரோவில் கல்யாண நகைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. டாக்டர் சொன்னபடி பின்னால் திருப்ப, ஆறு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் ஸ்பானரோடு போவாள், வருவாள். அவரும் மணிக்கட்டை மடக்காதே என்று சொல்லவில்லை. அவர் அப்படிச் சும்மா இருந்ததுதான் அவள் மனசை இளக்கியது.

மூன்றாம் நாள் பிசியோதெரபி பெண் வந்தபோது, கேட்காமலே வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். வலியில் கண்ணில் நீர் முட்டியது. மார்கழியில் சந்துக்குள் நடக்க ஆரம்பித்தார். வளையமும் வாக்கருமாக அவர் வருகிற சத்தம் கேட்டுத் தறிக்காரர்கள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு தறியின் சத்தம் பிசகியிருக்கிறது என்று அவர் நின்றுவிட, சுந்தரம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

மார்கழி கடைசியில் எடுத்த எக்ஸ்ரேயில், இரண்டு ஓரத்துக் கோடுகளும் நடுவில் வந்து தொட்டிருந்தன. நூல் மாதிரி மெல்லிசுதான், ஆனால் அறுபடாமல் இருந்தன. இனிமேல் பயமில்லை, இதே வேகத்தில் போங்கள் என்றார் டாக்டர். சுந்தரம்மாள் வராண்டாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். எரிச்சல், கோபம், பயம் எல்லாம் அதில் போய்விட்டன. அன்றைக்கு அவருக்குக் கறிக்குழம்பு வைத்தாள்.

கல்யாணத்தன்று காலையில் வீடு ரெண்டுபட்டது. பூ வரவில்லை, வேன் வரவில்லை, மகளின் ஒட்டியாணம் மாட்டவில்லை. வேட்டி நட்டில் சிக்காமல் இருக்க வளையத்துக்கு வெள்ளைத் துணியில் உறை தைத்திருந்தாள் சுந்தரம்மாள். அதை மாட்டிக்கொண்டு கருத்தக்கண்ணன் மண்டப வாசலில் போய் நின்றார். யாராவது வரும்போது வாக்கரிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவார். "வாங்க, வாங்க" என்று அவர் கூப்பிட்ட கூப்பாடு நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்டது. தாலி கட்டும்போது மட்டும் மேடைக்குப் போய் மகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, மறுபடி வாசலுக்கே வந்துவிட்டார். நாற்காலி கொண்டுவந்த மாப்பிள்ளையின் சித்தப்பா நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பந்தியில் நின்றுகொண்டிருந்தபோது சுந்தரம்மாளின் போனில் அலாரம் அடித்தது. பன்னிரண்டு மணி. அவள் ஓடிப்போய்ப் பையைக் கவிழ்த்தாள். சீப்பு இருந்தது, குங்குமம் இருந்தது, ஸ்பானர் இல்லை. அடுப்படி அலமாரியிலேயே விட்டு வந்திருந்தாள். அப்படியே வாசலுக்கு வந்தாள்.

"இன்னக்கிப் போயி மறந்துட்டேனே... வேன ஓட்டச் சொல்லி எடுத்தாரச் சொல்லட்டா?"

கருத்தக்கண்ணன் வேட்டி மடிப்புக்குள் கையை விட்டார். பத்தாம் நம்பர்.

அவளுக்கு முகம் மாறியது. "இத எப்ப எடுத்தீக?"

"நீ பீரோவத் தொறந்து போட்டு ஒட்டியாணத்தோட மல்லுக்கட்டுனீல, அப்ப. இந்த அவசரத்துல மறந்துருவேன்னு தெரியும்."

"அப்பருந்து ஒங்ககிட்டயா இருந்துச்சு?"

"எங்கிட்டதான் இருந்துச்சு. தொடல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "புள்ளியப் பாக்காத. அது பொய் சொல்லும். நான் சொல்றேன் சுந்தரம், தொடல."

அவள் புள்ளியைப் பார்க்கவில்லை. பட்டுச்சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மண்டப வாசலிலேயே உட்கார்ந்தாள். உறையை விலக்கி மூன்று தலையையும் கால்வாசிச் சுற்றுத் திருகினாள். வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவள் தலைக்கு மேலாகக் கும்பிட்டு, சாப்பிடாமல் போகக் கூடாது என்று யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தார்.

எழுந்து ஸ்பானரை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நீயே வச்சுக்க" என்றார்.

சுந்தரம்மாள் அதைச் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு பந்தி பார்க்கப் போனாள்.