மெதெர்பெக்கின் செத்த ஆடு

மணல் மூட்டையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை விடுகிறார் மெதெர்பெக். மூட்டை தொம்மென்று விழுகிறது. தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறார். திருப்தியில்லை; மறுபடி தூக்குகிறார். எடை முப்பத்திரண்டு கிலோ, உள்ளே மணலோடு ஈரத்துணியும் உண்டு. தினம் காலை பத்து மணிக்கு மூன்று முறை இதைப் போட்டுப் பார்த்த பிறகுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். கீழ்த்தளத்தில் பல் வைத்தியம் பார்க்கும் வெனேரா முதல் மாதம் மாடியேறிச் சண்டைக்கு வந்தார். இரண்டாம் மாதத்திலிருந்து, பத்து மணிக்கு யார் வாயிலும் கருவியை நுழைப்பதில்லை என்று வழக்கம் வைத்துக்கொண்டார்.

அந்த மூட்டை, தலையில்லாத ஓர் ஆட்டுக்குப் பதிலி. பிஷ்கெக்கின் பழைய கட்டடம் ஒன்றில், பல் வைத்தியத்துக்கு மேலே, மூன்று பேர் சேர்ந்து கோக்-போருவைக் கம்ப்யூட்டர் விளையாட்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். குதிரைமேலிருந்தபடி ஆட்டுடலைப் பிடுங்கி, கஜான் என்கிற அண்டா போன்ற வட்டக் குழியில் எறியும் ஆட்டம் அது. முதலாளி சைகல் அக்கா. குதிரையும் மலையும் வரைபவர் ஸ்லாவா கிம். ஆட்டுக்குப் பொறுப்பு மெதெர்பெக். விழுந்த ஆடு எப்படித் துள்ளும், எப்படிச் சரியும், எப்போது நிற்கும் என்று கணக்குப் போடும் நிரல் அவருடையது. இந்த மாதிரி நிரல்களை யார் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். எடுத்துப் பொருத்தினால் ஒரு பிற்பகல் வேலை. மெதெர்பெக் நான்கு வருடமாகச் சொந்தமாக எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஆட்டோடு நிற்கிற பிடிவாதம் இல்லை இது. அவருடைய நாட்காட்டியும் அவரே எழுதியது. அதில் பிப்ரவரிக்கு முப்பது நாள். ஆகவே மார்ச் மாதம் முழுக்க அவர் ஊரைவிட இரண்டு நாள் பின்தங்கி வாழ்கிறார், ஏப்ரல் பிறந்ததும் கையால் தள்ளிச் சரிசெய்துகொள்கிறார். திருத்தலாமே என்றால், வருடத்தில் ஒரு மாதத்துக்காக யார் அதைக் கிளறுவது என்பார். அலுவலகக் கதவின் பூட்டுக்கும் அவர்தான் நிரல் எழுதினார். குளிரில் அது யாரையும் அடையாளம் கண்டுகொள்வதில்லை. ஜனவரியில் மூவரும் வெனேராவின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, பல்வலிக்காரர்களோடு தேநீர் குடித்தபடி, கதவுக்கு மனம் இளகும்வரை காத்திருப்பார்கள்.

ஆனால் மதியமானதும் முனைக்கடையில் சம்சா வாங்கித்தான் தின்கிறார். “மாவை மட்டும் அடுத்தவன் பிசையலாமா? நீயே ஒரு தந்தூர் அடுப்பு கட்டிரலாமே” என்று ஸ்லாவா ஒருநாள் சீண்டினார். மெதெர்பெக் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்: “சம்சாவை நாம தின்னுட்டா முடிஞ்சுது. அடுத்தவன் ப்ரோக்ராம் அப்படி இல்ல. அது உள்ள வந்து உக்காந்துகிட்டு நம்மளைத் தின்னும்.”

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மெதெர்பெக்குக்குச் சொந்த ஊர் நாரின் பக்கம். பதினேழு வயதில், ஊர் ஆட்டத்தில், தன் குதிரை நொண்டியதால் ஒருவரிடம் இரவல் குதிரை வாங்கி இறங்கினார். குதிரைக்காரர் எதிரணி. தரமாட்டேன் என்று சொல்வது மரியாதை இல்லை என்று கொடுத்துவிட்டார். மெதெர்பெக் நான்கு பேரை இடித்து ஆட்டைப் பிடுங்கியதும், குதிரை தன் எஜமான் வழக்கமாக எந்தக் கஜானுக்குப் போவாரோ அந்தக் கஜானுக்கே பறந்தது. இவர் கடிவாளத்தை இழுத்தார், கெஞ்சினார், அழுதார். கஜான் விளிம்பில் அது சடக்கென்று நிற்க, ஆடும் இவரும் சேர்ந்தே குழிக்குள் விழுந்தார்கள். எதிரணிக்கு ஒரு கோல். இன்றைக்கும் ஊருக்குப் போனால் அந்தப் பக்கத்துக்காரர்கள் அவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்கிறார்கள். ‘அடுத்தவன் குதிரைக்கு வேர்வை அதிகம், அடுத்தவன் கோட்டுக்கு அழுக்கு அதிகம்’ என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. மெதெர்பெக் அதை அச்சடித்துக் கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டியிருக்கிறார். அதன் எழுத்துருவும் சொந்தமாக வரைந்ததுதான், படிக்கச் சிரமம்.

நான்கு வருட உழைப்பில் ஆடு அற்புதமாக வந்திருந்தது, ஒன்றைத் தவிர. அது சாகவில்லை. தரையில் போட்டால் சரியாக விழும், சரியாகச் சரியும். பிறகு பத்து விநாடி கழித்து மெல்ல நகர ஆரம்பிக்கும். கணக்கில் எங்கோ ஒரு மயிரிழை மிச்சம் நின்று ஆட்டை இழுத்தது. எப்போதும் தெற்கே, மலைப்பக்கம். மேய்ச்சல் நினைப்பு போலிருக்கிறது என்று ஸ்லாவா மலையை வடக்கே மாற்றி வரைந்து பார்த்தார். ஆடு அப்போதும் தெற்கேதான் போனது. மலையைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். கஜானுக்குள் போட்டாலும் நிலைமை அதுதான்: கோல் விழுந்து கூட்டம் கைதட்டி ஓயும் நேரத்தில், தலையில்லாத ஆடு குழியின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்துவிடும்.

ஒரு பொருள் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் நிரல் அதன் கணக்கை நிறுத்தித் தூங்க வைத்துவிட வேண்டும், தொட்டால் எழுப்ப வேண்டும். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள். மெதெர்பெக்கும் நாற்பது முறை முயன்றார். அவர் தூங்க வைத்த ஆடு எழுந்திருப்பதே இல்லை. குனிந்து காலைப் பிடித்த வீரன் ஆட்டோடு ஒட்டிக்கொண்டு தொங்குவான், குதிரை மட்டும் போய்விடும்.

மார்ச்சில் வரும் நௌரூஸ் பண்டிகையன்று குதிரைப் பந்தய மைதானத்தின் பெரிய திரையில் விளையாட்டைக் காட்டக் கோக்-போரு சங்கத்தார் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன் வியாழக்கிழமை கெங்கெஷ் வந்து ஆடிப் பார்ப்பார், அவர் சரி என்றால் சரி. கெங்கெஷ் அணித் தலைவர், இரண்டு முறை மூக்கு உடைந்தவர். சைகல் மெதெர்பெக்கைக் கூப்பிட்டு, புதன்கிழமைக்குள் ஆடு அடங்காவிட்டால் அவருடைய நிரலை மொத்தமாக எடுத்துவிட்டு இலவச நிரலைப் போடப்போவதாகச் சொன்னார். ஊர் நாட்காட்டிப்படி புதன்கிழமை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.  மெதெர்பெக் அன்று மூட்டையைப் பதினோரு முறை போட்டார்.

செவ்வாய்க்கிழமை அவருக்குக் கடைவாய்ப்பல் வீங்கியது. வெனேரா அவரை நாற்காலியில் சாய்த்து ஒன்றரை மணி நேரம் விடவில்லை. இத்தனை நாள் தொம்முக்கும் சேர்த்துப் பிடுங்கினார் என்று ஸ்லாவா சொல்கிறார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மாடியில் சைகல் ஒரு காரியம் செய்தார். இலவச நிரலை இறக்கி, மெதெர்பெக்கின் கோப்புப் பெயரையே வைத்து உள்ளே பொருத்தினார். மெதெர்பெக்கிடம் மல்லுக்கட்டத் தனக்குத் தெம்பில்லை, அதனால்தான்.

மரத்துப்போன கன்னத்தோடு மெதெர்பெக் மேலே வந்தார், கோப்பைத் திறக்காமலே விளையாட்டை ஓட்டினார். ஆடு விழுந்தது. பத்து விநாடி. இருபது. ஒரு நிமிடம். அசையவில்லை. திரும்பி இருவரையும் பார்த்தார். வாய் ஒருபக்கம் கோணியிருந்ததால் சொன்னது புரியவில்லை; கண் நிறைந்திருந்தது மட்டும் தெரிந்தது. காலையில் தான் செய்த திருத்தம் பலித்துவிட்டது என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். பல் பிடுங்கிய வாயோடு ஓடிப்போய், தன்னால் தின்ன முடியாத சம்சாவை இருவருக்கும் நான்கு நான்காக வாங்கி வந்தார். நாரினில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் ஆடு செத்துவிட்டது என்று குழறினார். நான்கு வருடமாக எதிர்பார்த்திருந்த செய்தி என்பதால் அம்மா அன்றே போர்சோக் என்கிற எண்ணெய்ப் பலகாரம் சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். சைகல் தன் பங்கு நான்கு சம்சாவையும் ஸ்லாவா பக்கம் தள்ளிவிட்டார்.

வியாழக்கிழமை கெங்கெஷ் வந்தார். நாற்காலியில் குதிரையில் உட்காருவது போலக் காலை அகட்டி உட்கார்ந்து, அரை மணி நேரம் ஆடினார். ஆறு கோல் போட்டார். முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஆடு இல்லைங்க. தலகாணி. நெஜ ஆடு நனைஞ்சு ஊறிக் கெடக்கும், கையில நிக்காது, வழுக்கும், நம்ம மேல அதுக்கு ஒரு பகையே இருக்கும். இது சொன்ன பேச்சு கேக்குது. செத்த ஆடு எங்கயாவது சொன்ன பேச்சு கேக்குமா?”

மெதெர்பெக்கின் முகம் சுருங்கியது. ராத்திரி பகலாக நான்கு வருடம் அந்தப் பகையைத்தானே கணக்கில் கொண்டுவர மூட்டை தூக்கினார். கெங்கெஷ் வேறு ஆடு இருக்கிறதா என்று கேட்டார். சைகல் ஸ்லாவாவைப் பார்த்தார். ஸ்லாவா ஜன்னலைப் பார்த்தார். இனி மறைத்தால் பாவம் என்று சைகலுக்குத் தோன்றிவிட்டது.

“மெதெர், இது உன் ஆடு இல்லப்பா.”

“யாரோடது?”

“இணையத்துல இருந்து எடுத்தது. நீ பல்லு புடுங்கப் போயிருந்தப்ப மாத்திட்டேன். உன்னோடது பத்திரமா இருக்கு.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது, பதினேழு வயதில் குழிக்குள்ளிருந்து ஏறி வந்தபோது வந்த அதே வெட்கம். “அம்மா ஊருக்கே போர்சோக் குடுத்துட்டாங்கக்கா” என்றார். 

சைகல் பழைய நிரலைத் திரும்பப் பொருத்தினார். கெங்கெஷ் ஆட ஆரம்பித்த இரண்டாம் நிமிடம் பல்லைக் கடித்தார். ஆடு கையிலிருந்து நழுவியது, குதிரையை ஒருபக்கமாகச் சாய்த்தது, தூக்கும்போது கால் மடங்கி வயிற்றில் இடித்தது. கெங்கெஷ் அதன் வம்சத்தையே திட்டினார். நாற்காலியோடு இடதுபக்கம் சாய்ந்து விழுந்து, எழுந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கடைசியில் கஜானில் எறிந்து இரண்டு கையையும் தூக்கினார். இதுதான் ஆடு, இதுதான் ஆடு என்று மெதெர்பெக்கின் தோளில் அறைந்தார். அறைந்துகொண்டிருக்கும்போதே ஆடு குழியிலிருந்து வெளியே வந்து தெற்கே கிளம்பியது.

 கெங்கெஷ் அது மலையடிவாரத்தில் மறையும்வரை பார்த்தார்.

“தம்பி, நௌரூஸ் அன்னிக்கு ஜனம் நெறைஞ்சிருக்கும். போட்ட கோலு தானா எழுந்து போச்சுன்னா ரெண்டு ஊரும் வெட்டிக்கிட்டுச் சாகும். இந்த ஆடுதான் வேணும். ஆனா சாகடிச்சுக் குடு.” சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நௌரூஸுக்கு மூன்று நாள் இருந்தது. மெதெர்பெக்கின் நாட்காட்டியில் ஐந்து. அவர் சுவரிலிருந்த தன் நாட்காட்டியைப் பார்த்தார், பிறகு ஸ்லாவாவின் கைக்கடிகாரத்தில் தேதியைப் பார்த்தார். சைகலிடம் அந்த இலவச நிரலைத் திறந்து காட்டச் சொன்னார். ஆட்டைத் தூங்க வைத்து எழுப்பும் இடம் ஏழே வரி. அதைப் பலமுறை படித்தார். நாற்பது முறை தான் தவறவிட்ட இடம் நான்காவது வரியில் இருந்தது. நன்றாக எழுதியிருக்கிறான் என்று, யாரையோ திட்டுகிற குரலில் சொன்னார்.

எடுத்து ஒட்டினால் ஒரு நொடி. அவர் ஒட்டவில்லை. அதை எழுதியவரின் பெயரைத் தேடினார். பெயர் இல்லை, ஒரு நீர்நாய்ப் படம் மட்டும் இருந்தது. இலவசம்தானே, கேட்கவே வேண்டாம் என்று சைகல் சொல்லிப் பார்த்தார். கேட்காமல் லாயத்தில் கைவைக்கிற வழக்கம் நாரினில் இல்லை என்று சொல்லிவிட்டு, நீர்நாய்க்குக் கடிதம் எழுதினார்: ‘உங்கள் ஏழு வரிகளை இரவலாக எடுத்துக்கொள்கிறேன். பண்டிகை முடிந்ததும் திருப்பித் தந்துவிடுகிறேன்.’ ஒரு மணி நேரத்தில் பதிலாகக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அது சம்மதமா, சம்மதமில்லையா என்று மூவரும் ஆலோசித்தார்கள். கீழேயிருந்து வெனேராவையும் அழைத்துக் கேட்டார்கள். சம்மதம் என்று முடிவானது.

மெதெர்பெக் ஏழு வரிகளையும் ஒவ்வொரு எழுத்தாகத் தன் கையால் அடித்தார். கீழே நீர்நாய் என்று எழுதினார். விளையாட்டை ஓட்டி, ஆட்டைக் கஜானில் போட்டார். பத்து விநாடி ஆனது. அவர் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். ஆடு குழிக்குள் கிடந்தது. குதிரையை அனுப்பிக் காலைப் பிடித்துத் தூக்க வைத்தார். முழு எடையோடும் முழுப் பகையோடும் எழுந்து வந்தது. மறுபடி போட்டார். கிடந்தது.

ஸ்லாவா கைதட்டப் போனார். சைகல் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மெதெர்பெக் கழுத்துத் துண்டை அவிழ்த்தார். சூடேறி இரைந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் அருகே குனிந்து, இரவல் குதிரையைத் திருப்பிக் கொடுக்கும் முன் கழுத்து வேர்வையைத் துடைப்பதுபோல, மேலிருந்து கீழாக, ஒரே பக்கமாக, அதைத் துடைத்துவிட்டார்.