அடுப்பக்காவும் யாரும் பார்க்காத தீயும்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் அடுப்பக்கா விசையைத் தட்டுவாள். தண்ணீரில் மூழ்கிய தடித்த எஃகுக் குப்பி, அதற்குள் ஆக்சிஜன், நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு வில்லை. சாக்கடைக் கசடைக் காயவைத்து, அரைத்து, அழுத்திச் செய்தது. விசையைத் தட்டியதும் அது பற்றி எரிவதை யாரும் பார்க்க முடியாது. சுற்றியுள்ள தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்பதை வைத்துத்தான் கசடின் அனலைக் கணக்கிட வேண்டும்.

அவள் மட்டும் பார்த்துவிடுவாள். “முதல்ல ஓரம் சிவக்கும். அப்புறம் பூ விரியற மாதிரி வெளிச்சம்,” என்பாள், நேரில் போய் வந்தவள் போல. யாரோ குளித்த நீர், யாரோ கழுவிய தட்டு, ஏதோ ஒரு குழந்தை குடிக்காமல் கொட்டிய பால், எல்லாம் அந்த வில்லைக்குள் உறங்குவதாக அவள் நினைப்பு. “ஊரே தூக்கி எறிஞ்சது. ஆனா உள்ள இன்னும் சூடு ஆறல.” வெப்பமானி ஏறும்வரை அவளிடம் பேச்சுக் கொடுத்துப் பயனில்லை, ஆள் இங்கே, மனசு குப்பிக்குள். மூக்கைப் பொத்திக்கொண்டு வருபவர்களைக் கண்டால் மட்டும் ஆகாது. “உங்க வீட்டுச் சரக்குதான், கூச்சப்படாதீங்க.”

வெளியே களத்தில் கசடைக் காயவைத்து அள்ளுபவர் அவள் கணவர். வீட்டில் சமையலும் அவர்தான். அடுப்பக்காவுக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது என்பது நிலையத்தின் பழைய கேலி. காய்ந்த கசடை ஒரு செங்கல் சூளை எரிக்க வாங்குகிறது. அனல் குறைந்தால் லாரி வராது. லாரி வராவிட்டால் களத்தை மூடிவிடுவார்கள், கணவர் வேலை போய்விடும். இத்தனையும் தெரிந்துதான் அவள் விசையைத் தட்டுகிறாள்.

அன்று வெப்பமானி அரைமனதாக ஏறி நின்றுவிட்டது. அடுத்த வில்லையும் அதே கதை.

“நல்ல கட்டியா நாலு பொறுக்கி எரிச்சா என்னக்கா?” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

“சூளையில மொத்த லாரியும்தானே எரியப்போகுது. நான் பொறுக்குனது மட்டுமா?”

உள்ளதை உள்ளபடி சூளைக்குச் சொன்னாள். இன்னும் ஒரே ஒரு லாரி எடுத்துப் பார்ப்பதாகச் சூளைக்காரர் சொல்லிவிட்டார். குப்பியைத் திறந்தபோது வழக்கத்தைவிடச் சாம்பல் அதிகம். விரலில் தேய்த்தாள். நறநறவென்றது.

கசடின் நீர் வடிவதற்காகக் களத்தின் அடியில் மணல் பரப்பியிருக்கும். கணவரோ சுத்தக்காரர், எதையும் மிச்சம் வைத்தால் அவருக்குத் தூக்கம் வராது.

அவள் களத்துக்குப் போனபோது மண்வெட்டியும் கையுமாக நின்றிருந்தார். “பாத்தியா, ஒரு பொட்டு விடாம வழிச்சுட்டேன்,” என்றார் முகம் மலர.

திட்டத்தான் வந்தாள், அந்த முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டுக் கையிலிருந்த சாம்பல் பொட்டலத்தை அவிழ்த்தாள். அவர் உள்ளங்கையைப் பிரித்துச் சாம்பலைக் கொட்டினாள். அவரும் தேய்த்துப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

“மணலா?”

அவள் மண்வெட்டிப் பிடியில் அவர் கைமேல் தன் கையை வைத்து, மண்வெட்டி முனையை மணலுக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தினாள். இருவருமாக மெதுவாக இழுத்தார்கள்.