ரோஸ் பவுடர் இயேசு

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும்; எழுத்துப்பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று எங்கள் கோயில் மைதானத்தில் பாஸ்கா, அதாவது இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகம். வேஷம் போடும் கொட்டகையைத் தாண்டும்போது ரோஸ் பவுடர் வாசனை அடித்தது.

எனக்கு இருபது வயதிலும் அதே வாசனைதான். தாளடி நெல் அறுத்த வயலில் மேடை. கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் எங்களை வரிசையாக நிறுத்தி ஆள் பொறுக்குவார்.

"கறுத்தவன்லாம் சாட்டைய எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போங்கடா."

ஊரில் முக்கால்வாசி அந்தப் பக்கம்தான். எனக்கு இயேசுவைச் சாட்டையால் அடிக்கும், வசனமில்லாத சேவகன் வேஷம். என் கூச்சத்துக்கு அது வசதி. இயேசு எப்போதும் ரைஸ்மில்காரர் மகன் ஜெரோம். ஆள் சிவப்பு, அதற்கு மேலும் பவுடர். வசனம்தான் மண்டையில் நிற்காது.

வசனம் பூராவும் தெரிந்தவள் என் அக்கா லூர்து. உளுந்து பறித்துக்கொண்டே இயேசு, தீர்ப்புச் சொல்லும் பிலாத்து எல்லாம் அவளே பேசுவாள். ஒரு வருஷம் உபதேசியாரிடம் கேட்டேவிட்டாள்.

"ஐயா, ஒரே ஒரு தடவ நான் இயேசுவா நிக்கிறேனே."

"பொம்பள சாமியா நின்னா ஊரே சிரிக்கும். ஒன் நெறத்துக்கு லைட்டு போட்டாலும் ஆளு தெரியாது."

"அவரு வெயில்ல அலைஞ்சவருதானேங்க? வெள்ளையாவா இருந்திருப்பாரு?"

"காலண்டர்ல பாத்ததில்ல? போ, போயி வேலையப் பாரு."

ஒத்திகையில் ஜெரோம் திணறியதும் அதே உபதேசியார் அக்காவைக் கூப்பிட்டார். திரைக்குப் பின்னால் ஒரு மைக். அக்காவுக்குக் கட்டைக் குரல். அவள் பேச, ஜெரோம் வாயசைத்தான். சிரிக்கும் என்று சொன்ன ஊர், அவள் சிலுவையில் இயேசுவின் தாகத்தைச் சொன்னபோது தேம்பித் தேம்பி அழுதது. முடிந்ததும் சனம் ஜெரோமின் அங்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அக்கா மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷமும் கேட்டாள். அடுத்த வருஷமும் திரைக்குப் பின்னால்தான். அந்த முறை என் சாட்டை ஜெரோம் முதுகில் நிஜமாகவே விழுந்தது. "டேய், வலிக்குதுடா!" என்று முனகினான் ஜெரோம். இயேசு சொந்தமாகப் பேசிய ஒரே வசனம் அதுதான். அதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை. கடவுள் சிவத்த ஆம்பளை என்று இவர்களிடம் வந்து சொன்னது யார்?

அதன்பின்னும் வருஷா வருஷம் திரைக்குப் பின்னாலேயே பேசிய அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். நேற்று பென் டிரைவிலிருந்து ஏதோ பட்டணத்து ஆண் குரல் பேசியது. கோயில் ஹாலில் இயேசுவாக நின்ற ஒவ்வொருவன் படமும் மாட்டியிருக்கிறது, எல்லாரும் ரோஸ் நிறத்தில். அத்தனை வருஷம் பேசியவளின் குரலை ஒரு கேசட்டில்கூட ஒருவரும் பிடித்துவைக்கவில்லை.

பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை காலை.