ஆந்திரா வேஷம்

பிள்ளைகளா, உங்கள் பெரியக்கா நான்காம் வகுப்பு படித்த வருடம் நடந்ததை எழுதி வைக்கிறேன். உங்களில் ஒருவன் அப்போது தொட்டிலில் கிடந்தான். இன்னொருத்தி பிறக்கவே இல்லை. நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் இப்போது சிவகாசிக்குப் படிக்கப் போகிறீர்கள். உங்கள் வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள் என்று அங்கே யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

நம் வீட்டில் பேசுவது தெலுங்கு. விஸ்வநத்தத்தில் நம் தெருவே அப்படித்தான். புஞ்சைக் காட்டு வேலைக்குப் போன காலத்திலும் அதைத்தான் பேசினார்கள், வெடி செய்ய பயர் ஆபீஸுக்குப் போக ஆரம்பித்த பிறகும் அதைத்தான் பேசுகிறோம். யார், எந்தக் காலத்தில், எங்கிருந்து வந்தார்கள் என்று என் அப்பாவுக்கும் தெரியாது. கடையில், பஸ்ஸில், வேலையில் தமிழ். வாசல்படி தாண்டி உள்ளே வந்தால் நம் பேச்சு. இதில் யோசிக்க ஏதும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வருடம் அக்கா பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாநில வேஷம் போட முடிவு செய்தார்கள். "யார் வீட்ல தெலுங்கு பேசுவீங்க?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார். உங்கள் அக்கா உடனே கையைத் தூக்கிவிட்டாள். அந்த வகுப்பில் நம் தெருப் பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் தூக்கவில்லை. அக்காவுக்கு அது ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை. சந்தோஷமாக ஓடிவந்தாள்.

"யப்பா, நான்தான் ஆந்திரா!"

டீச்சர் நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தார். "நான் ஆந்திராவில் இருந்து வருகிறேன். எங்கள் மாநிலத்தில் கிருஷ்ணா, கோதாவரி ஆகிய ஆறுகள் ஓடுகின்றன." அக்கா அதை அடுப்படியில் நின்று ஒப்பித்தாள். அம்மா கேட்டுக்கொண்டே மாவு பிசைந்தாள்.

"நமக்கு ரெண்டு ஆறு இருக்காம்மா?"

"ரெண்டு ஆத்த வச்சுக்கிட்டா நான் குடத்தத் தூக்கிட்டு ஆனைக்குட்டம் டேம் தண்ணி எப்ப வரும்னு குழாயடில நிக்கேன்?" என்றாள் அம்மா. இதெல்லாம் நம் பேச்சில்தான். உங்களுக்கு வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று தமிழில் எழுதுகிறேன்.

அக்கா விடவில்லை. "அங்கன கடைக்காரரு, டீச்சரு, பஸ் கண்டக்டரு எல்லாரும் நம்ம வீட்டுப் பேச்சா பேசுவாக?"

"ஆமா."

"கண்டக்டர் அம்மா மாதிரி வைவாரா?"

"அம்மா மாதிரி வைய இந்த ஒலகத்துல ஆளு கிடையாது" என்றேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். ஊரே நம் வீடு மாதிரி பேசும் ஓர் இடம் இருக்கிறது என்று அன்றைக்கு அவள் நம்பினாள். விருதுநகரில் ரயில் ஏறினால் போய்விடலாமா என்றுகூடக் கேட்டாள்.

அம்மா தன் பட்டுச் சேலையைப் பாவாடை தாவணியாக மடித்துக் கட்டிவிட்டாள். பயர் ஆபீஸில் சரவெடி பின்னுகிறவள் அவள். விரல் இடுக்கில் அலுமினியப் பவுடர் சாம்பல் நிறமாக ஒட்டியிருக்கும். சேலையில் படக்கூடாது என்று எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொட்டாள்.

நான் அரைநாள் லீவு போட்டு விழாவுக்குப் போனேன். லாரியில் வெடி லோடு ஏற்றுகிறவனுக்குத் தீபாவளி சீசன் இல்லாத நாளில் லீவு கிடைப்பது பெரிய காரியமில்லை. சீசன் ஆர்டர் கொடுக்க ஊருக்கு வந்திருந்த ஆந்திரா வெடி வியாபாரி ஒருவரையும் மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா நான்கு வரியையும் தடங்கல் இல்லாமல் சொன்னாள். கைதட்டினார்கள். அந்த வியாபாரி எழுந்து வந்து குனிந்து, மைக் பக்கத்திலேயே அவளிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். கடகடவென்று போனது. எனக்கே பாதிதான் பிடிபட்டது. அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் மறுபடி மெதுவாகக் கேட்டார். அவளும் வீட்டில் பேசுவது போலப் பதில் சொன்னாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். தலைமை டீச்சரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "இது தெலுங்கு இல்ல மேடம். பாதி உங்க தமிழு, மீதி என்னன்னு எனக்கே தெரியல" என்றார். மோசமான ஆள் இல்லை. அவள் கன்னத்தைத் தட்டி ஒரு சாக்லேட்டும் கொடுத்தார். ஆனால் பந்தலே சிரித்துவிட்டது. அக்காவும் முதலில் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரிந்து நிறுத்தினாள். அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து வகுப்பில் அவள் பெயர் ஆந்திரா. கூடப் படித்த ஒரு பையன்தான் ஆரம்பித்து வைத்தான். "ஏ ஆந்திரா, உங்க ஊருக்கு எப்பப் போற?" "ஆந்திராலயும் ஒன்னச் சேக்கலயாமே!" கை தூக்காத அந்த இரண்டு பிள்ளைகளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்களாம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அக்கா வீட்டில் தமிழ்தான் பேசினாள். அம்மா நம் பேச்சில் ஒன்று கேட்டால், இவள் தமிழில் பதில் சொல்வாள். அம்மாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். கடையில் விலை பேசினால் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். ஆனால் மகளிடம் பேச அந்தத் தமிழ் அவளுக்கு உதவவில்லை. கொஞ்சுவது, திட்டுவது, கதை சொல்வது எல்லாம் அவளுக்கு நம் பேச்சில்தான் வரும். வேலை விட்டு வந்ததும் அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டே அன்றைய பாடு முழுவதையும் இருவரும் பேசித் தீர்ப்பார்கள். அது நின்றுபோனது. சடை மட்டும் பின்னப்பட்டது.

"பெத்த மக, சூப்பர்வைசர்ட்ட பேசுற மாதிரி என்ட்ட பேசுறா" என்றாள் அம்மா. "சாப்பிட்டியான்னா சாப்பிட்டேம்மா. படிச்சியான்னா படிச்சேம்மா. அம்புட்டுத்தான். இப்படியே போனா எம்பிள்ளைக்கு என்ன நோவுன்னுகூட எனக்குத் தெரியாது."

என் கூட லோடு ஏற்றுகிற ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் வீட்டில் தமிழ். "ஏலே, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? நாளைக்கு ஆந்திராவுக்கு லோடு போகுது. இறக்க ஆள் வேணும்னாக. ஏறிப் போ. ஒன் சொந்தக்காரன் மாலையோட நிப்பான்" என்றார்.

விளையாட்டாகச் சொன்னார். நான் நிஜமாகவே போனேன். போன இடத்தில் நம் பேச்சில் பேசினால் அந்தக் குடோன் ஆட்கள் என்னை 'அரவோடு' என்றார்கள். அப்படியென்றால் தமிழ்க்காரன் என்று லாரி டிரைவர் சொன்னார். டீக்கடையிலும் அதே பெயர்தான். திரும்பி வந்ததும் இதை அக்காவிடம் ஒரு வேடிக்கை போலச் சொன்னேன். இங்கே அவளை ஆந்திரா என்கிறார்கள், அங்கே என்னைத் தமிழன் என்கிறார்கள், கணக்குச் சரியாகிவிட்டது என்று சிரிப்பாள் என நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப ரெண்டு ஊருக்குமே நாம வேண்டாமாப்பா?" என்றாள்.

"வேண்டாம்னு யாரு சொன்னா? லோடு எறக்கக் கூப்பிட்டாகல்ல" என்றேன். எவ்வளவு மட்டமான பதில் என்று வாயிலிருந்து வரும்போதே தெரிந்தது.

கோடை லீவு முழுவதும் இப்படியே கழிந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அக்கா ஐந்தாம் வகுப்பு. முதல் நாளே ஒன்றாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண் விடாமல் அழுதிருக்கிறாள். நம் பக்கத்துத் தெருப் பிள்ளை. அதன் அம்மாவும் உங்கள் அம்மாவும் ஒரே கம்பெனி. அது ஒரு ஒயர்கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சொல்லி அழுகிறது. தமிழ் ஒரு சொல் வரவில்லை. பசிக்கிறது போல என்று ஒன்றாம் வகுப்பு டீச்சர் கூடைக்குள் இருந்த தூக்குச்சட்டியைத் திறந்து ஊட்டப் போனார். அவ்வளவுதான், அது டீச்சர் கையைக் கடித்துவிட்டது.

எல்லா வகுப்பும் ஜன்னலில் நின்று பார்த்தது. பெயர் வைத்த அந்தப் பையன்தான் கத்தினான்: "டீச்சர், எங்க கிளாஸ் ஆந்திராவக் கூப்பிடுங்க! அவளுக்குப் புரியும்!"

கேலிக்குச் சொன்னானா, நல்ல எண்ணத்தில் சொன்னானா என்று தெரியாது. டீச்சர் இவளைப் பார்த்தார். அத்தனை பேரும் பார்த்தார்கள். அக்கா ஒன்றாம் வகுப்புக்குள் போய், அந்தப் பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அத்தனை பேர் காதிலும் விழ, நம் பேச்சில் கேட்டாள். அது விக்கி விக்கிச் சொன்னது.

விஷயம் இதுதான். அதன் அம்மா கம்பெனி வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். அம்மாவின் மதியச் சோறு இருந்த கூடை பிள்ளை கையிலேயே தங்கிவிட்டது. அது தனக்காக அழவில்லை. அம்மா மத்தியானம் பட்டினி கிடப்பாள் என்று அழுதிருக்கிறது. அந்தச் சோற்றைத்தான் டீச்சர் அதற்கே ஊட்டப் பார்த்தார்.

அக்கா சொன்னதும் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டதாம். சத்துணவுக்கூடத்து ஆள் ஒருவரைச் சைக்கிளில் அனுப்பி, கூடையைக் கம்பெனி கேட்டில் சேர்த்தார்கள். அது போய்ச் சேரும்வரை அந்தப் பிள்ளை அக்காவின் மடியை விட்டு இறங்கவில்லை.

கேட்டுக்கு வந்த கூடையின் கதை கம்பெனிக்குள் உங்கள் அம்மாவுக்கும் போய்விட்டது. சாயங்காலம் வந்தவள் என்னிடம் கண்ணைக் காட்டினாள், எதுவும் கேட்காதீர்கள் என்று. ரசத்தை அடுப்பில் ஏற்றிவிட்டுச் சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

அம்மா சிக்கெடுக்கும்போது, "இன்னைக்கு ஸ்கூல்ல ஒரு பிள்ள அழுதுச்சும்மா" என்று தமிழில்தான் ஆரம்பித்தாள். கூடையைச் சொன்னாள், டீச்சர் கையைக் கடித்ததைச் சொன்னாள். "நான் போய் ஏன் அழுகன்னு கேட்டேன். அதுக்கு அது என்ன சொல்லுச்சுன்னா…" என்று நிறுத்தினாள். பிறகு அந்தப் பிள்ளையின் குரலிலேயே சொன்னாள்: "மா அம்ம புவ்வ ஈடே உண்டாதி." என் அம்மாவின் சோறு இங்கேயே இருக்கிறது என்று அர்த்தம்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. "அப்பறம்?" என்றாள், நம் பேச்சில்.

அப்புறம் அக்கா தமிழுக்குத் திரும்பவில்லை. பிள்ளை மடியில் மூக்கைச் சிந்தியது, டீச்சர் கைக்குக் கட்டுப் போட்டது, அந்தப் பையன் சாயங்காலம் பக்கத்தில் வந்து, "ஏ, கடிச்சா 'விட்டுரு'ன்னு உங்க பேச்சுல எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டது எல்லாம் நம் பேச்சில் கொட்டின. சடை ஒரு பக்கம் பின்னி முடிந்து, இன்னொரு பக்கம் பின்னாமலே கிடந்தது. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது.

"வாய மூடிட்டு அடுப்பப் போய்ப் பாருடி, வாயாடி" என்று அம்மா வைதாள்.

"நீ போய்ப் பாரு, நான் இன்னும் சொல்லி முடிக்கல" என்றாள் அக்கா, அதே பேச்சில்.

எதிர்த்துப் பேசிய மகளைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்ட ஒருத்தியை நான் அதற்கு முன் கண்டதில்லை. நான்தான் எழுந்து போய் ரசத்தை இறக்கி வைத்தேன்.