முடிச்சை அவிழ்க்கச் சொன்னவன்

ஏற்றுமதிக்குப் பேப்பர் எழுதுற தொழில்ல சரக்கு அடுத்தவனோடது, திட்டு மட்டும் நம்மளோடது. இதே பொழப்புல கிடக்குறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

ரெண்டு சீல்

சின்னாளப்பட்டி செல்வி பன்னெண்டு பொம்பளைங்களை வச்சு, கையால முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற சுங்குடிச் சேலை செய்யுது. அதுக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர். கப்பல் ஏறலைன்னா அத்தனை பேரும் நூல் மில்லுக்குத்தான் போகணும். திண்டுக்கல்ல உக்காந்து பேப்பர் எழுதுனது நான்.

சரக்கு போன துறைமுகம் வெள்ளைக்காரன் கட்டுனது. இப்ப அதுக்குள்ளயே, சரக்கு வாங்குற நாடு தன் சுங்க ஆபீசைத் திறந்து வச்சிருக்கு. நம்ம சுங்க ஆபீஸ் பெட்டிக்கு வச்ச சீலை உடைச்சுப் பார்க்கணும்னாங்க அவங்க. நம்ம மண்ணுல நின்னுக்கிட்டு எப்படி உடைப்பீங்கன்னாங்க இவங்க. நாலு நாள் பெட்டி வெயில்ல கிடந்துச்சு. கடைசியில அந்த வெளிநாட்டு ஆபீஸ் கிளார்க், அவரும் தமிழர்தான், என்கிட்ட சொன்னார்: "மண்ணு உங்களோடது சார், சரக்கு இறங்குற ஊரு எங்களோடது."

முடிக்காத சரக்கு

ஒருவழியா திறந்தாங்க. கையால கட்டுனதுதான்னு காட்ட எங்க பக்கம் சேலையில முடிச்சை அவுக்காமலே விப்பாங்க. வாங்குறவங்க உதறி அவுத்துக்குவாங்க. அதைப் பார்த்துட்டு, வெளிநாட்டு ஆபீஸ்ல 'வேலை முடியாத சரக்கு, பேப்பர்ல எழுதுனது பொய்'னு எழுதிட்டாங்க. பெரிய புத்திசாலி மாதிரி, முடிச்சையெல்லாம் அவுத்துருவோம்னு செல்விக்குப் போன் போட்டேன்.

பன்னெண்டு பேரும் வேன் பிடிச்சு வந்து, துறைமுகக் குடோன் தரையில உக்காந்து அவுத்தாங்க. தண்ணி வாங்கிட்டுப் போனேன். செல்வி நிமிராமலே சொல்லுச்சு: "கட்டுறதுக்கு ஆறு மாசம்ணே, அவுக்க ஒரு பகல் போதும்போல."

ஒரே கையெழுத்து

அவுத்த சேலையைத் தேய்ச்சு மடிச்சுத் திரும்பக் கொண்டு போனா, இந்தத் தடவை நம்ம ஆபீஸ் மறிச்சுச்சு. முடிச்சு எங்க? இது அச்சுச் சேலை மாதிரில இருக்கு, கைவேலைன்னு எப்படிச் சான்றுச் சீட்டுக் குடுக்க? நான்தான் அவுக்கச் சொன்னேன்னு கெஞ்சினேன். எழுதித் தர முடியுமான்னு கேட்டாங்க. எழுதித் தந்தேன். அதையே காரணமாப் போட்டுச் சீட்டை மறுத்துட்டாங்க. கப்பல் போயிருச்சு.

சரக்கைத் திருப்பி அனுப்புற பேப்பர்ல மட்டும் ரெண்டு ஆபீசும் மறுபேச்சில்லாம கையெழுத்துப் போட்டாங்க. அதைச் சின்னாளப்பட்டிக்குக் கொண்டு போய்க் குடுத்தேன். என் மேல தப்புன்னு சொன்னேன். செல்வி திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பேப்பரை வாசிச்சு மடிச்சுட்டுச் சொல்லுச்சு: "ரெண்டு பேரும் ஒத்துப் போயிட்டாங்கள்லண்ணே, நாங்க திங்கக்கிழமையிலருந்து மில்லு வேன்ல ஏறுறோம்."

பதினேழு வருசமா எழுதுறேன், எந்த ஆபீசும் ஒரு குத்தமும் சொல்லாத பேப்பர் அது ஒண்ணுதான்.