பதினேழாம் பக்கத்துச் சீட்டு

தகப்பனும் மகளுமாக அத்தாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காகிதம் வெட்டியது.

ஒரு தாளில் ஆறு சீட்டுகள். நாற்பது தாள்கள். திண்டுக்கல் பேகம்பூர் வீட்டின் முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். நான் இரும்பு ஸ்கேலை வைத்துக் கோடு போட்டேன். அவர் கத்தரியால் வெட்டினார். ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே வெட்டினார். சொன்னேன்.

"அம்புட்டுத் துல்லியம் எதுக்கும்மா? ராக்கெட்டா விடப் போறோம்?"

"எல்லாத்தையும் ஒரே அளவுக்குத் தப்பா வெட்டுறீங்க அத்தா. அது பரவாயில்ல, கழிச்சுக்கலாம்."

"பாத்தியா? தப்புப் பண்ணாலும் ஒழுங்காப் பண்றேன்."

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். "ரிட்டயர் ஆன மனுசன் செத்த நேரம் உக்காந்து டிவி பாப்பாரு. இவரு காலேஜ் பிள்ளைகளோட சேந்து பேப்பர் வெட்டுறாரு."

அது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் நான் ஓசூருக்குத் திரும்பினேன். அங்கே ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அடுத்த வாரம் புதன்கிழமை காலை அம்மா போன் செய்தார். தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அறுபத்து மூன்று வயது. இதயம்.

அவர் பெயர் பீர் முகமது. முப்பத்தொரு வருடம் திண்டுக்கல்லிலிருந்து தினமும் பஸ் ஏறி ஒட்டன்சத்திரம் போய், ஒரு லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தக் காயை ஏற்றிக்கொண்டு எங்கே போகிறது என்று எழுதினார். பத்தாவதுவரை படித்தவர். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். ஓய்வுபெற்றபோது முதலாளி தூக்கிப் போடச் சொன்ன பழைய நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் அடுக்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா கெடக்கட்டும்" என்றார்.

ஒருநாள் ஆதார் அட்டையை நகலெடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கூட்டம். காத்திருந்த நேரத்தில் மேசையில் கிடந்த ஒரு புத்தகத்தைப் புரட்டினார். 'அலைநீளம்' என்று பெயர். கல்லூரி மாணவர்கள் நடத்தும் ஆய்விதழ். அறிவியலும் உலக விவகாரங்களும். மூன்று மாதத்துக்கு ஒன்று. அலுவலகம் அந்தக் கடையின் மாடி. அத்தா படியேறிப் போனார்.

"இதை யாரும்மா படிக்கிறது?"

இதழாசிரியை கீர்த்தனா அப்போது இயற்பியல் முதுகலை முதல் வருடம். "எல்லாரும் படிக்கத்தாங்க போடுறோம்" என்றாள்.

"நான் படிச்சேன். ஒண்ணும் வெளங்கல."

அவள் கோபப்படவில்லை. எந்தப் பக்கம் விளங்கவில்லை என்று கேட்டாள். இவர் உட்கார்ந்து காட்டினார். இரண்டு மணி நேரம் ஆனது. ஆதாரை ஜெராக்ஸ் எடுக்க மறந்துவிட்டுத் திரும்பிவந்தார்.

அப்படித்தான் அங்கே ஒரு வழக்கம் உண்டானது. எந்தக் கட்டுரையானாலும் பேராசிரியர்கள் இருவர் பார்த்த பிறகு அத்தாவிடம் வரும். எழுதியவர் எதிரே உட்கார வேண்டும். அத்தா தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தான் படித்ததைத் தன் பேச்சில் திருப்பிச் சொல்வார். அவர் தப்பாகச் சொன்னால் எழுதியவர்தான் திருத்தி எழுத வேண்டும். சரியாகச் சொன்னால் கடைசித் தாளில் பச்சை மையில் 'பீ.மு.' என்று எழுதுவார். அது இல்லாமல் அச்சுக்குப் போகாது.

ஆசிரியர் குழுவில் இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை. "மாமா, உங்களுக்கு இங்க ஓட்டுக் கிடையாது, டீ மட்டும்தான்" என்று கீர்த்தனா சொல்லுவாள். "டீயாவது சூடா இருக்கட்டும்" என்பார். நான் போன் செய்யும்போது கருந்துளை பற்றியும், ஏதோ ஒரு தீவு நாட்டில் கடல் ஏறுவது பற்றியும் பேசுவார். முன்பெல்லாம் சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா, அவ்வளவுதான் பேச்சு. எனக்கு இது பிடித்திருந்தது. அவரிடம் சொன்னதில்லை.

போன வருடம் முகேஷ்குமார் என்ற பையன், பொருளியல் மாணவன், ஒரு கட்டுரை எழுத நினைத்தான். உலகச் செய்தி ஒன்று ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டைத் தொட எவ்வளவு நாள் ஆகும்? இங்கிருந்து கொச்சிக்குப் போகும் முருங்கையில் ஒரு பங்கு கப்பலேறி வளைகுடா போகிறது. அங்கே துறைமுகத்தில் சிக்கல் என்று செய்தி வந்தால் இங்கே லாரி குறையும். எத்தனை நாளில் குறைகிறது என்று பார்க்க அவனுக்குத் தினசரி எண்ணிக்கை தேவைப்பட்டது.

அத்தா பரணில் ஏறினார்.

முகேஷ் நான்கு மாதம் அந்த நோட்டுகளோடு உட்கார்ந்தான். விடை வந்தது. அப்படிப்பட்ட செய்தி மூன்று முறை வந்திருந்தது. மூன்று முறையும், செய்தி வெளியாவதற்கு ஒரு நாள் முன்பே லாரிகள் குறைந்திருந்தன. செய்தித்தாளுக்கு முன்னால் ஒட்டன்சத்திரத்துக்குத் தெரிந்திருக்கிறது என்பது கட்டுரையின் முடிவு. பதினேழாம் பக்கத்தில் அட்டவணை.

அத்தா திருப்பிச் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. 'பீ.மு.' போட்டார். எனக்குப் போன் செய்து, "நம்ம ஆளுகளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்மா!" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அட்டவணையை எனக்கும் அனுப்பினார். பார்த்தேன். மூன்று முறையும் மிகச்சரியாக ஒரே நாள் வித்தியாசம். என் வேலையில் அப்படி ஒன்றைப் பார்த்தால் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவேன். அன்று சந்தேகப்படவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார்.

இதழ் வந்தது. இருநூற்று நாற்பது பிரதிகள். பெங்களூரில் ஒரு மாணவர் மாநாட்டில் பேச முகேஷுக்கு அழைப்பு வந்தது.

மூன்று வாரம் கழித்து, பழைய லாரி டிரைவர் அப்துல் வாஹித்திடம் டீக்கடையில் அத்தா இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வாஹித் மாமா முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாராம்.

"அது எந்தத் தேதி பீரு? நீ எழுதுற தேதியா, நான் ஓட்டுற தேதியா?"

புக்கிங் ஆபீசில் ஒரு பழக்கம். சாயங்காலம் லோடு ஏறத் தொடங்கும்போது பக்கத்தின் மேலே தேதி போடுவார்கள். வண்டிகள் கிளம்புவது நடுநிசி தாண்டி. அவற்றையும் அதே பக்கத்தில்தான் எழுதுவார்கள். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் இருக்கும் லாரிகள் போனது புதன்கிழமை. முப்பத்தொரு வருடமும் அப்படி எழுதியவருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. முகேஷுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒட்டன்சத்திரத்துக்கு முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்கவில்லை. எல்லாரையும் போல, செய்தி வந்த அன்றுதான் தெரிந்தது.

அன்று மதியம் அத்தா சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார். நேராக மாடிக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். முகேஷின் முகம் செத்துப்போயிற்றாம்.

"வெப்சைட்ல மாத்திருவோம் மாமா. யாருக்கும் தெரியாது."

"புத்தகத்தைக் கையில வச்சிருக்கறவன் வெப்சைட்டுக்கு ஏன்டா போறான்? என் பச்சை மைய நம்பித்தானே அச்சுக்குப் போச்சு?"

"அப்ப பெங்களூரு?"

மூன்றாம் நாள் முகேஷ் பேகம்பூர் வீட்டுக்கு வந்து, புது அட்டவணையை நீட்டினான். ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தான். மாநாட்டுக்கும் எழுதிவிட்டிருந்தான்.

"பேசறது கேன்சல் மாமா. தப்பு எப்படி வந்துச்சுன்னு ஒரு அட்டையில எழுதி ஒட்டிக்கோன்னு சொல்லிட்டாங்க. ஹாலுக்கு வெளிய, தண்ணி கேன் பக்கத்துல."

"தண்ணி குடிக்க எல்லாரும் வருவாங்கள்லடா?"

பையன் சிரித்துவிட்டான் என்று அம்மா சொன்னார். அன்று இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

சீட்டு யோசனை அத்தாவுடையது. சரியான அட்டவணையைச் சிறு சீட்டாக அச்சடித்து, ஒவ்வொரு பிரதியிலும் பதினேழாம் பக்கத்தில் ஒட்ட வேண்டும். பசை இடது ஓரத்தில் மட்டும். தூக்கிப் பார்த்தால் பழையது தெரிய வேண்டும்.

"முழுசா ஒட்டிட்டா, என்ன தப்புப் பண்ணோம்னே தெரியாமப் போயிரும்" என்றார் காகிதம் வெட்டும்போது.

கல்லூரிகளில் இருந்த இருநூறு பிரதிகளை மாணவர்கள் பார்த்துக்கொண்டார்கள். வெளியூர்ப் பிரதிகள் நாற்பது. அவற்றை அத்தா எடுத்துக்கொண்டார். போனில் சொன்னால் "அப்படியா" என்று வைத்துவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். ஒன்பது நாள் பஸ்ஸில் அலைந்தார். நிலக்கோட்டையில் பூ வியாபாரி ஒருவர் சீட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "பழசுதான் பாய் நல்லா இருந்துச்சு" என்றாராம். அதைப் போனில் சொல்லிச் சிரித்தார். இருமலில்லை, மூச்சு வாங்கவில்லை. நன்றாக இருந்தார். அந்தக் குரல் எனக்குச் சரியாக நினைவிருக்கிறது.

ஊர், பெயர், போன் நம்பர் என்று நாற்பது வரிகள் எழுதிய தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது. முப்பத்தொன்பது வரிகளில் பச்சை டிக்.

நாற்பதாவது, வடமதுரை சுந்தரம்மாள். இரண்டு ஏக்கர் முருங்கை வைத்திருப்பவர். பேரன் வாசித்துக் காட்டிய அந்தக் கட்டுரைக்காகவே சந்தா கட்டியவர். லாரி குறைந்தால் மறுநாள் காய் பறிக்காமல் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தார். அப்படி எதுவும் செய்ய வேண்டாம், நேரில் வந்து சொல்கிறேன் என்று அத்தா செவ்வாய்க்கிழமை அவரிடம் போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசியதை அம்மா பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்.

"என்ன பாய், தப்பா எழுதிட்டீங்களா?"

"ஆமாம்மா. தேதி நான் போட்டதுதான். வியாழக்கிழமை வாரேன்."

"வாங்க, வாங்க. வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். பை கொண்டாங்க, முருங்கைக்கா தாரேன்."

கதவுக்குப் பின்னால் ஆணியில் அவருடைய ரெக்சின் பை தொங்குகிறது. அதற்குள் ஒரு சீட்டு, பாதி தீர்ந்த பசைக் குழாய், நான்காக மடித்த மஞ்சள் துணிப்பை. முருங்கைக்காய் நீளம் என்று சொல்லி அம்மாவிடம் கேட்டு, வீட்டில் இருந்ததிலேயே பெரிய பையாக எடுத்து வைத்திருக்கிறார்.